வேலன்டைன் – காதலர் நாள்

'வேலன்டைன்ஸ் டே' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'வேலன்டைனுடைய நாள்' என்றுதான் வரும். காதலைக் குறிக்கும் சொல் அதில் இல்லை. வலென்டினுஸ் என்ற இலத்தீன் ஆண்பெயரின் ஆங்கில வடிவம் அது. வேர்ச்சொல் 'வலேரே': வலிமையோடும் நலத்தோடும் இருத்தல். நம் 'வல்', 'வலிமை' உடனே நினைவுக்கு வரும். ஆனால் ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரண்டையும் உறவாக்கிவிடக் கூடாது.

ரோமிலும் இத்தாலியின் தெர்னி நகரிலும் இந்தப் பெயரில் வணங்கப்பட்ட மறைசாட்சிகளின், அதாவது கிறித்தவ நம்பிக்கைக்காக உயிர்நீத்தவர்களின், திருநாள் பிப்ரவரி 14. வேலன்டைன் படைவீரர்களுக்கு மறைவாகத் திருமணம் செய்துவைத்தார், சிறையிலிருந்து மடல் எழுதினார் என்பதெல்லாம் பிற்காலக் கதைகள். உறுதியான வரலாற்றுச் செய்தி மிகக் குறைவு என்பதால், 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து இந்த நினைவுநாளை நீக்கியது.

பிறகு காதல் எங்கிருந்து வந்தது? கவிதையிலிருந்து. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், வேலன்டைன் நாளில் பறவைகள் கூடித் துணை தேடுவதாகப் பாடினார். 1477 பிப்ரவரியில் மார்ஜரி புரூஸ் என்ற பெண், தான் மணக்கவிருந்த ஜான் பாஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் அவரையே 'என் பேரன்புக்குரிய வேலன்டைன்' என்று விளித்தாள். புனிதரின் பெயர் அன்பரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டதை இந்தக் கடிதத்தில் கண்ணாரக் காணலாம். பின்னாளில் அன்று அனுப்பும் வாழ்த்து அட்டைக்கும் அதே பெயர் வந்தது.

எனவே 'வேலன்டைன்' என்பதைத் தமிழில் இடமறிந்து சொல்ல வேண்டும். நாளுக்குக் காதலர் நாள். 'காதலர் தினம்' வழக்கில் ஊன்றிவிட்டது, பிழையும் இல்லை. 'தினம்' வடசொல் என்பதால் 'நாள்' எனக்கு உவப்பு. அட்டைக்குக் காதல் மடல். காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஊரறிய ஏறிவந்த மடலேறுதலும் அச்சொல்லுக்குள் இருக்கிறது.

ஆளைக் குறித்தால் காதலர். 'காதலன்' என்ற சொல் பழந்தமிழில் கணவனையும் மகனையும்கூடக் குறித்தது. இன்று பொருள் சுருங்கிவிட்டது. 'காதலர்' ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். மதிப்போடு ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். நெஞ்சுக்குள் காதலவர் இருக்கிறார், அவருக்குச் சுடுமே என்று சூடாக உண்ண அஞ்சுகிறாள் வள்ளுவரின் தலைவி. அங்கே அது ஒருவரைக் குறிக்கும் மதிப்புச் சொல். பன்மைக்கும் அதுவே போதும் என்பதால், 'காதலர்கள் தினம்' என்று எழுதுவோர் அந்தக் 'கள்'ளை விட்டுவிடலாம்.