தினமும் குளிக்காதவர் அழுக்கானவரா?

ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளிப்பவரிடம், வாரத்துக்கு மூன்று முறைதான் குளிப்பேன் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். சொன்னவருக்கோ, இவர் ஏன் தோலை இப்படித் தேய்த்து எடுக்கிறார் என்று புரியாது. சோம்பேறித்தனம், வளர்ப்பு என்றெல்லாம் பேசுவதற்கு முன்னால் இருவரும் எந்தக் காற்றில் வாழ்கிறார்கள் என்று பார்க்கலாம்.

நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆனால் ஆவியாக வேண்டும், வழிந்து சொட்டினால் பிரயோஜனமில்லை. வறண்ட பாலைவனக் காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்து உப்புதான் மிஞ்சும், நிறைய நீரை இழந்தவருக்குக்கூடத் தனக்கு வியர்க்கவில்லை என்று தோன்றும். புழுக்கமான இடத்தில் கதை வேறு. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை தோலிலேயே தங்கிப் பிசுபிசுக்கிறது, தோல் ஊறுகிறது, வியர்வைக் குழாய்கள் அடைத்துக்கொண்டு வேர்க்குருவும் கிளம்புகிறது. அதனால் வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டினாலும் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தோன்றுவது இங்கேதான் அதிகம்.

வியர்வைக்கு வெளியே வரும்போது நாற்றம் கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் தனி வகைச் சுரப்பிகள் விடும் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் அது உருவாகிறது. சூடும் ஈரமும் அவற்றுக்குக் கொண்டாட்டம். இதில் மரபணுவுக்கும் பங்குண்டு: ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருப்பவர்களுக்கு அக்குள் நாற்றம் மிகக் குறைவு, கிழக்கு ஆசியாவில் பெரும்பாலானோருக்கு அந்த வடிவம்தான். (காதுக்குறும்பி உலர்ந்திருப்பதும் அதே மரபணுவால்தான்.)

சரி, குளிர்ப் பக்கம் வருவோம். 0 டிகிரி செல்சியஸில் ஈரப்பதம் 100 சதவீதம் இருக்கும் காற்றை வீட்டுக்குள் விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு) ஏறக்குறைய 26 சதவீதமாக விழுந்துவிடும். வெளியே பனி, உள்ளே பாலைவனம்! தோலின் மேலடுக்கு, செங்கல்லும் சாந்தும் போல, இறந்த செல்களும் அவற்றுக்கு இடையே கொழுப்புமாக அடுக்கப்பட்டது, உள்ளிருக்கும் நீரைப் பிடித்துவைப்பது அந்தக் கொழுப்புதான். சுடுநீரும் சோப்பும் அதைக் கரைத்துக்கொண்டு போகின்றன. அதோடு தோலின் பிஎச் அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5, வழக்கமான சோப்பின் அளவு 9 முதல் 10. மழைக்காலப் புழுக்கத்தில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது, காய்ந்த காற்றில் தினமும் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டால் அரிப்பும் வெடிப்பும் வந்து நிற்கும். குளிர் நாட்டுக்குக் குடிபோனவர்கள் பழைய பழக்கத்தைக் கையோடு கொண்டுபோய் அவதிப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்று, எரிபொருள். 10 டிகிரியில் இருக்கும் 60 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர 2 யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். குழாய்த் தண்ணீரே 28 டிகிரியில் வரும் இடத்தில் இந்தச் செலவே இல்லை. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், குளிரில் பச்சைத்தண்ணீரில் நின்று சமாளிக்கலாம் என்பதும் நடக்காது. விறகை வெட்டிச் சுமந்து வந்து தண்ணீர் காய்ச்ச வேண்டியிருந்த காலத்தில் தினசரிக் குளியலை யார் யோசித்திருப்பார்கள்?

என் கருத்தில், தண்ணீரையும் சோப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சண்டை தீரவில்லை. புழுக்கத்தில் மூன்று முறைகூட மேலுக்கு ஊற்றிக்கொள்ளலாம். ஐஸ் போன்ற தண்ணீர் வேண்டாம், தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், வெதுவெதுப்பே மேல். சோப்பு தினமும் தேவைப்படுவது அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்குத்தான், கை காலெல்லாம் மண்ணோ எண்ணெயோ பட்டிருந்தால் ஒழிய தண்ணீரே போதும். குளிர்காலத்தில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடித்து, ஈரம் முழுதாகக் காயும் முன் தோலின் ஈரத்தைக் காக்கும் களிம்பு தடவிவிடுங்கள். அப்புறம், ஏசி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், அதனால் ஒரே ஊரில் இருந்தாலும் நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்தவரும் வெயிலில் செங்கல் சுமந்தவரும் ஒரே கணக்கில் குளிக்க வேண்டியதில்லை.