கல்லீரலைப் பசிக்க வைக்கும் மாத்திரை

போன மாதம் கரூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வயது 58. இரண்டு வருடத்துக்கு முன்பு அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் இரவு அட்டோர்வாஸ்டாடின் 40. “சார், கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் தசை கரைந்துவிடும், சுகர் வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்கும் கொஞ்ச நாளாகத் தொடை குடைச்சல். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. குடைச்சல் அப்படியேதான் இருக்கிறது. நிறுத்தியது சரியா?”

படித்ததும் பதறிவிட்டது. நாளைக்கே உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று அன்றே பதில் எழுதினேன். ஏன் அவ்வளவு அவசரம் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு நிறையப் பேர் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அடிப்படை எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். பித்தநீருக்கும் பல ஹார்மோன்களுக்கும் அதுதான் மூலப்பொருள். தண்ணீரில் கரையாததால் ரத்தத்தில் எல்டிஎல் என்ற பொட்டலங்களில் அடைபட்டுப் பயணம் செய்கிறது. பொட்டலங்கள் அளவுக்கு மீறினால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும். பல வருடங்களில் அங்கே ஒரு திட்டு வளரும். ஒருநாள் அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அட்டாக்.

உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் சாப்பிட்டு வந்தது கிடையாது, உடம்பே செய்துகொள்வது. சுமார் முப்பது படிகள் கொண்ட நீண்ட வேதிவழி அது. அதில் வேகத்தைத் தீர்மானிக்கும் மதகு ஒன்று உண்டு: ஹெச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி. அந்த மதகை அடைக்கும் பொருளைத் தேடிப் புறப்பட்டவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ. டோக்கியோவில் சாங்கியோ மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சிறுவயதிலிருந்தே காளான், பூஞ்சை என்றால் உயிர். எதிரி நுண்ணுயிர்களைக் கொல்ல ஏதோ ஒரு பூஞ்சை இந்த நொதியை முடக்கும் ரசாயனத்தைத் தயாரித்து வைத்திருக்கும் என்பது அவருடைய யூகம். 1971இல் தொடங்கி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை இனங்களைச் சோதித்தார். கடைசியில் கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் அது கிடைத்தது. பெனிசிலியம் சிட்ரினம். 1973இல் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள் காம்பாக்டின். அட்டோர்வாஸ்டாடின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சேர்ந்த ஸ்டாடின் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

எலிக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. திட்டம் அத்தோடு குப்பைக்குப் போயிருக்கும். எண்டோ கோழியை நினைத்தார். ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. தினமும் அவ்வளவையும் செய்து முட்டைக்குள் அனுப்பும் பறவையிடம் மருந்து கட்டாயம் வேலைசெய்யும் என்று நினைத்து, உடன் பணிபுரிந்தவரின் ஆய்வுக்கோழிகளுக்குக் கொடுக்கச் சொன்னார். கோழிகளின் ரத்தக் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாக இறங்கியது.

சரி, மதகை அடைத்தால் உற்பத்தி குறையும், உற்பத்தி குறைந்தால் ரத்தத்தில் அளவு குறையும், அவ்வளவுதானே என்று தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நடப்பது அதைவிட எவ்வளவோ அழகானது.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு மருத்துவர்கள், சிறுவயதிலேயே அட்டாக் வரும் ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்தார்கள். அந்தக் குழந்தைகளின் செல்களில் ஒரு பொருள் இல்லை என்று கண்டுபிடித்தார்கள்: ரத்தத்திலிருந்து எல்டிஎல் பொட்டலத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி. 1985இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இந்த ஏற்பியைக் கிணற்று வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லின் மேற்பரப்பில் ஒரு எல்டிஎல் பொட்டலத்தை மொள்ளும். உள்ளே இறங்கும். அங்கே சரக்கைக் கொட்டிவிட்டுக் காலியாக மறுபடி மேலே வரும். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். வாளியின் ஆயுள் சுமார் 20 மணி நேரம். அதற்குள் நூறு தடவைக்கு மேல் போய்வந்துவிடும்.

எத்தனை வாளிகள் வேண்டும் என்று முடிவுசெய்வது யார்? செல்லுக்குள் ஒரு சவ்வில் எஸ்ஆர்இபிபி என்ற புரதம், தும்பில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் கொலஸ்ட்ராலின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கும்வரை தும்பு இறுக்கமாக இருக்கும். ஐந்துக்குக் கீழே இறங்கியதும் அவிழும். புரதம் பக்கத்து அறைக்குப் போகும். அங்கே இரண்டு நொதிகள் காத்திருக்கின்றன, இரண்டு கத்தரிகள். முதல் கத்தரி ஒரு வெட்டு, இரண்டாவது கத்தரி இன்னொரு வெட்டு. துண்டிக்கப்பட்ட முனை விடுதலையாகி நேராக செல்லின் உட்கருவுக்குள் போய், “கொலஸ்ட்ரால் பற்றாக்குறை, வாளிகளைச் செய்” என்று மரபணுக்களை எழுப்பிவிடும். புது வாளிகள் மேற்பரப்புக்கு வந்து ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை மொண்டு மொண்டு உள்ளே இறக்கும்.

ஸ்டாடின் செய்வது இதுதான். கல்லீரலின் சொந்தச் சமையலை நிறுத்தி அதைப் பசிக்க வைக்கிறது. பசித்த கல்லீரல் வெளியில் கை நீட்டுகிறது. ரத்தத்தில் எல்டிஎல் முப்பதிலிருந்து ஐம்பது சதவீதம் இறங்குவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பசி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். 1984இல் பிட்ஸ்பர்க்கில், வாளிகளே இல்லாமல் பிறந்த ஆறு வயதுப் பெண்குழந்தைக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றிவைத்தார்கள். ஆயிரத்துக்கு மேலே நின்ற கொலஸ்ட்ரால் முந்நூறை ஒட்டி இறங்கியது. மற்ற உறுப்புகளில் குறைபாடு அப்படியே இருக்க, கல்லீரலின் வாளிகள் மட்டும் வந்ததால் கிடைத்த மாற்றம்.

பசி எச்சரிக்கை இன்னொரு காரியமும் செய்கிறது. வாளிகளைச் செய்யச் சொல்லும் அதே எஸ்ஆர்இபிபி, வாளிகளை உடைக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தையும் கூட்டிவிடுகிறது. டோஸை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாமல் போவதற்கு இது ஒரு காரணம். 20 மில்லிகிராமை 40 ஆக்கினாலும், 40ஐ 80 ஆக்கினாலும் எல்டிஎல் கூடுதலாகக் குறைவது சுமார் ஆறு சதவீதம்தான். அதனால் பல டாக்டர்கள் டோஸை ஏற்றிக்கொண்டே போகாமல், குடலிலிருந்து கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெட்டிமைப் என்ற மாத்திரையைச் சேர்க்கிறார்கள்.

இனி லாப நஷ்டத் தராசு. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரோரி காலின்ஸும் மற்றவர்களும் லான்செட் இதழில் எழுதிய பெரிய ஆய்வுத் தொகுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏற்கனவே அட்டாக் அல்லது பக்கவாதம் வந்த 10,000 பேர், எல்டிஎல் 77 புள்ளி (லேப் ரிப்போர்ட்டில் mg/dL) குறையும் அளவுக்கு ஐந்து வருடம் ஸ்டாடின் எடுத்தால், ஏறக்குறைய 1,000 பேருக்கு அடுத்த அட்டாக், பக்கவாதம், ஸ்டென்ட் போன்றவை தவிர்க்கப்படும். நோய் இன்னும் வராமல், வரும் வாய்ப்பு மட்டும் கூடுதலாக உள்ளவர்களில் 500 பேருக்கு. மறுதட்டில், அதே 10,000 பேரில் தசை உண்மையிலேயே சேதமாவது 5 பேருக்கு. புதிதாகச் சர்க்கரை வருவது 50 முதல் 100 பேருக்கு. மூளையில் ரத்தக்கசிவு 5 முதல் 10 பேருக்கு.

கரூர்க்காரர் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவரைப் போன்றவர்களிடம் நடந்த முதல் பெரிய சோதனை 1994இல் வெளியானது. ஸ்காண்டினேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகள், சராசரியாக ஐந்தரை வருடம். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் எடுத்தவர்களில் 182 பேர். இப்போது தமிழ்நாடு அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளோடு அட்டோர்வாஸ்டாடினையும் உடனே கொடுக்கிறார்கள்.

ஆனால் எல்லோருக்கும் தராசு இப்படிச் சாயாது. புகைக்காத, பிரஷர், சுகர் இல்லாத 35 வயதுக்காரருக்கு எல்டிஎல் 135 என்று லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் அன்றைக்கே மாத்திரை தொடங்க வேண்டிய கட்டாயம் கிடையாது. எல்டிஎல் 39 புள்ளி குறைந்தால் ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது எல்லோருக்கும் பொதுவான விகிதம். ஐந்தில் ஒரு பங்கு எதில் என்று கேட்க வேண்டும். பத்து வருடத்தில் நூற்றுக்கு இருபது பேருக்கு வரக்கூடிய ஆபத்து என்றால் நான்கு பேர் தப்பிப்பார்கள். நூற்றுக்கு இரண்டு பேர் என்றால் அரை ஆள்கூட இல்லை. எல்டிஎல் 190ஐத் தாண்டியவர்கள் வேறு. அது பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

தசைவலிக்கு வருகிறேன். 2020இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்தியிருந்த 60 பேரைச் சேர்த்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு புட்டி. நான்கில் ஸ்டாடின், நான்கில் அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை, நான்கு காலிப்புட்டி. மாத்திரை இருந்த மாதங்களில் எது எது என்று யாருக்கும் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு மதிப்பெண் போட வேண்டும். காலிப்புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. மாத்திரையால் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரை விழுங்குகிறோம் என்ற அச்சத்திலிருந்து வந்திருக்கிறது. விவரத்தைக் காட்டியதும் அவர்களில் பாதிப் பேர் திரும்ப மாத்திரை எடுக்கத் தொடங்கினார்கள்.

வலி பொய் என்று இதை யாரும் படிக்கக் கூடாது. அந்த 60 பேருக்கும் நிஜமாகவே வலித்தது. அச்சத்தை ஊட்டி வலியை உண்டாக்கும் வீடியோக்கள்மேல்தான் எனக்குக் கோபம். லட்சம் பேர் பார்க்கிறார்கள். அதில் எத்தனை பேர் அட்டாக் வந்தவர்கள், எத்தனை பேர் மறுநாள் மாத்திரையை நிறுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்க ஆளில்லை.

மருந்தே காரணமான வலியும் உண்டு. மாத்திரை தொடங்கிய அல்லது டோஸ் ஏற்றிய சில வாரங்களில், இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒருசேர வரும். நிறுத்தினால் சில வாரங்களில் விலகும். மதகை அடைக்கும்போது கொலஸ்ட்ரால் மட்டும் நிற்பதில்லை, அதே வாய்க்காலிலிருந்து தசைக்குப் பாயும் வேறு சில பொருட்களும் குறைகின்றன. சில மருந்துகளோடு சேரும்போது ஆபத்து கூடும். கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக் ஓர் உதாரணம். செரிவாஸ்டாடின் என்ற ஒரு ஸ்டாடின் 2001இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது, தசை சிதைந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு. கடுமையான வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சர்க்கரை விஷயமும் உண்மை. டோஸ் கூடும்போது அதுவும் கூடுகிறது. ஆனால் பெரும்பாலும் ஏற்கனவே எல்லைக்கோட்டில் நின்றவர்கள்தான் மாத்திரையால் கொஞ்சம் முன்கூட்டியே கோட்டைத் தாண்டுகிறார்கள். வருடம் ஒருமுறை ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிப் பரிசோதனை பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்டாடின் நிஜமாகவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெம்பெடோயிக் ஆசிட் வந்திருக்கிறது. அதே வாய்க்காலைச் சில படிகள் மேலே அடைப்பது. விழுங்கும்போது அது செயலற்ற வடிவில் இருக்கும். அதைத் தட்டி எழுப்பும் நொதி கல்லீரலில் இருக்கிறது, தசையில் இல்லை. அதனால் தசையில் அது தூங்கிக்கொண்டே கடந்துபோகும்.

“கெமிக்கல் வேண்டாம், இயற்கையாக ஏதாவது?” என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீனாவில் பூஞ்சையால் புளிக்கவைத்துச் செய்யும் சிவப்பு ஈஸ்ட் அரிசி இங்கேயும் மாத்திரையாகக் கிடைக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது. காரணம், அதிலுள்ள மோனகோலின் கே என்பதும் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாடினும் அணு மாறாமல் ஒரே பொருள். தசைவலியும் அதே. ஒரு மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் நிச்சயமில்லை. நம்ம ஊர் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது தவிட்டின் நிறத்தால் சிவப்பு.

எண்டோ 2024இல், தொண்ணூறு வயதில் காலமானார். நோபல் கிடைக்கவில்லை. அவருடைய காம்பாக்டின்கூட நாய்களிடம் நடந்த நச்சுச் சோதனைக்குப் பின் 1980இல் கைவிடப்பட்டது. அதன் தம்பிகள்தான் கடைக்கு வந்தன. இரண்டு வருடம் பூஞ்சணம் தேடுகிறேன், கிடைக்குமா என்று தெரியாது என்று எழுதி இன்றைக்கு ஓர் இளம் ஆய்வாளர் நிதி கேட்டால் நாம் கொடுப்போமா? கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கரூர்க்காரர் மறுபடி எழுதியிருந்தார். மாத்திரையை நிறுத்தியும் வலி போகவில்லை என்பதை டாக்டர் கவனித்திருக்கிறார். தசைக்கான சிகே பரிசோதனை சரியாக வந்தது; தைராய்டு மிகக் குறைவாக இருந்தது. தைராய்டு குறைந்தால் தசையும் வலிக்கும், கொலஸ்ட்ராலும் ஏறும். இப்போது தைராய்டு மாத்திரை, அட்டோர்வாஸ்டாடின் 10, கூடவே எஸெட்டிமைப். தைராய்டு நிலைக்கு வந்ததும் டோஸை ஏற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். குடைச்சல் முழுதாகப் போகவில்லை, பாதி குறைந்திருக்கிறது. காலையில் அமராவதிக் கரையில் நடக்கத் தொடங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்.