கணினி முழுதாக எழும் முன் கோப்புகளை எங்கே வைப்பது?

லினக்ஸ் கணினியின் பொத்தானை அழுத்திய கணத்திலேயே எல்லாக் கோப்புகளும் கைக்கு எட்டிவிடுவதில்லை. கிரப் போன்ற துவக்கி நிரல் முதலில் இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலையும், இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. வட்டைத் திறப்பதற்கான டிரைவர் நிரல் அந்த வட்டிலேயே இருந்தால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆகவே அந்த டிரைவர், மறையாக்கம் செய்த வட்டுக்குக் கடவுச்சொல் கேட்கும் நிரல், அதைத் தட்டச்சு செய்வதற்கான விசைப்பலகை அமைப்பு எல்லாம் அந்தத் தொகுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மற்றக் கோப்பகங்கள் எல்லாம் வந்து இணையும் அடித்தளமான மூலக் கோப்பு முறைமை திறந்த பின்னும் நிலைமை முழுதாகச் சீராவதில்லை. பிழை சோதனை முடியும்வரை அதைப் படிக்க மட்டுமே முடியும் என்ற நிலையில் வைப்பது வழக்கம். பதிவேடுகளும் மாறும் தரவுகளும் வாழும் 'வார்' கோப்பகம் தனி வட்டுப் பிரிவிலோ வலையமைப்பிலோ இருக்கலாம். அது பிறகுதான் வந்து இணையும். அதற்குள் ஒரு நிரல் அவசரப்பட்டு 'வார்' என்ற பெயருக்குள் எழுதினால் என்ன ஆகும்? மூல முறைமை எழுத இடம் கொடுத்திருந்தால், கோப்பு அங்கிருக்கும் வெற்றுக் கோப்பகத்தில் விழும். பின்னர் உண்மையான 'வார்' அதன் மேல் வந்து அமர்ந்ததும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அழிவதில்லை, இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அடியில் கிடக்கும். பிழைச் செய்தியே வராத இந்த வகைக் கோளாறுதான் என்னைப் பொறுத்தவரை மிகவும் மோசமானது.

முன்பெல்லாம் இதிலிருந்து தப்பிக்க, சாதனங்களுக்கான 'டெவ்' கோப்பகத்தில் புள்ளியில் தொடங்கும் மறைவான பெயர்களில் எழுதினார்கள். சாதனங்களைக் கண்டறியும் யூடெவ் நிரலும் அப்படித்தான் செய்தது. சாதனக் கோப்புகளுக்கான இடத்தில் மற்றவற்றை ஒளித்து வைப்பது நல்ல வழக்கமே அல்ல. 2011இல் 'ரன்' கோப்பகம் வந்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் விநியோகத்தின் 15ஆம் பதிப்பு அதனுடன் வெளியானது; 2015இல் வந்த கோப்பக அமைப்புத் தரநிலையின் 3.0 பதிப்பும் அதை ஏற்றுக்கொண்டது.

'ரன்' வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. எனவே தொடக்கத்திலிருந்தே அதில் எழுதலாம். இனிட்ராம்எஃப்எஸ் தன் வேலையை முடித்து மூல முறைமைக்கு வழிவிடும்போது, 'ரன்' அப்படியே புதிய முறைமைக்குள் நகர்த்தப்படுகிறது. உள்ளே எழுதியவை தொலைவதில்லை. கணினியை அணைத்தால் மட்டும் எல்லாம் போய்விடும். இயங்கும் நிரல்களின் செயல்முறை எண்கள், ஒரே வேலையில் இரு நிரல்கள் மோதாமல் தடுக்கும் பூட்டுக் கோப்புகள், நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சாக்கெட்டுகள் போன்றவற்றுக்கு அதுவே பொருத்தம். 'வார்' கோப்பகத்துக்குள் இருந்த பழைய 'ரன்' இப்போது பல விநியோகங்களில் இந்தப் புதிய 'ரன்'னைச் சுட்டும் இணைப்பு மட்டுமே.

மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க வேண்டியவற்றை என்ன செய்வது? கணினித் தொடக்கத்தையும் சேவைகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேட்டு நிரலான ஜர்னல்டி இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. தொடக்கச் செய்திகளை முதலில் 'ரன்'னில் சேர்க்கிறது. நிலையான சேமிப்பு இயக்கப்பட்டிருந்தால், 'வார்' இணைந்து எழுதத் தயாரானதும் அவற்றை அங்கே மாற்றிவிட்டு, அதன்பின் நேரடியாக அங்கேயே எழுதுகிறது.