‘லேக்’ என்றால் ஏரி இல்லை

போன மாதம் வெள்ளவத்தையில் இருந்து ஓர் இளைஞர் அழைத்தார். பெரியப்பா விட்டுச்சென்ற அல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முத்திரையாகப் பட்டியல் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். “அண்ணை, கார்மைன் லேக் எண்டு போட்டிருக்கு. முத்திரையில ராசாவின்ர தலை மட்டும்தான் தெரியுது. ஏரி எங்க இருக்கு?” என்றார். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் தேடியிருக்கிறார்.

யாராவது சொல்லித் தராதவரை எவருக்கும் அப்படித்தான் தோன்றும். லேக் என்பது நம்முடைய அரக்கு. மரக்கிளையில் அரக்குப் பூச்சி விடும் பிசினில் இருந்து எடுத்த சிவப்புச் சாயம் ஐரோப்பாவுக்குப் போய் அந்தப் பெயரைப் பெற்றது. பிறகு, நீரில் கரையும் எந்தச் சாயத்தைப் படிகாரம் போன்ற உப்போடு சேர்த்துக் கரையாத பொடியாக்கினாலும் அதையும் லேக் என்றார்கள். கார்மைன் என்பது இன்னொரு பூச்சி. கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல். “உங்கட அம்மாட்ட அரக்குக் கலர் சீலை இருந்தா பக்கத்தில வச்சுப் பாருங்கோ” என்றேன். அன்று பின்னேரமே திரும்ப அழைத்தார். நிறம் பிடிபட்டுவிட்டது.

கொழும்பில் முத்திரை அல்பங்களை மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வரும் ஏமாற்றங்களில் நிறத்தைப் பற்றியவைதான் அதிகம். ஒரே முத்திரையைப் பல வருடங்களுக்குத் திரும்பத் திரும்ப அச்சிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் மை கொஞ்சம் மாறும். கண்ணுக்கு இரண்டும் சிவப்பு. விலையில் ஒன்று மற்றதைப் போல நூறு மடங்காகவும் இருக்கலாம். சிவப்பு, நீலம், பச்சை என்ற சொற்கள் அதற்குப் போதவில்லை. ஓவியர்களிடமும் சாயக்காரர்களிடமும் இருந்து பெயர்களை எடுத்தார்கள். முத்திரைப் பட்டியல் புத்தகங்களை வெளியிடும் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தின் நிற அட்டையில் மட்டும் 200 நிறங்கள் இருக்கின்றன.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. என்ன பொருள் என்று தெரிந்துகொண்டால் நிறம் தானாக நினைவில் நிற்கும். செபியா என்பது கணவாய் மை. கணவாய் வெட்டும்போது மைப்பை உடைந்து கையெல்லாம் படியுமே, அது காய்ந்தால் வரும் கருங்கபிலம். பிஸ்டர் என்பது பீச் மரத்தை எரித்த புகைக்கரியில் எடுத்த மஞ்சள் கலந்த கபிலம். வெர்மிலியன் நம் சாதிலிங்கம். இண்டிகோ அவுரி. அல்ட்ராமரைன் என்றால் ‘கடலுக்கு அப்பால்’. ஆப்கானிஸ்தானில் தோண்டிய நீலக்கல் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனதால் வந்த பெயர். பஃப் என்பது பதனிட்ட எருமைத்தோலின் நிறம். ரோஸ் மேடர் ஒரு செடியின் வேர்ச் சாயம். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டியெடுத்த சாயவேரும் அதே போன்ற சிவப்பைத்தான் துணிக்குக் கொடுத்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முத்திரை சேகரிக்கச் சொல்லித் தரும்போது இந்த வழியாகத்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. செபியா என்று எழுதியிருந்தால் அந்த மையில் கணவாய் இருக்கிறது என்று பொருள் இல்லை. பெயர் நிறத்தைத்தான் சொல்கிறது. சில வேளை அந்தப் பெயர் முத்திரைக்குப் பிறகுதான் பிறந்திருக்கும். உலகிலேயே மிகப் பெயர்பெற்ற முத்திரைகளில் ஒன்று பிரிட்டிஷ் கயானாவின் 1 சதம் மஜென்டா. 2021இல் நியூயோர்க்கில் 83 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அது அச்சானது 1856இல். மஜென்டா என்ற நிறப்பெயரோ இத்தாலியில் 1859இல் அந்தப் பெயர் கொண்ட ஊரில் நடந்த போருக்குப் பிறகு வந்தது. முத்திரைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் பின்னால் வந்த சேகரிப்பாளர்கள்.

இலங்கை முத்திரைகளுக்கு வருவோம். நமது முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்த 6 பென்ஸ். பட்டியலில் ஊதாக் கபிலம் என்று இருக்கும். அதன் தாளிலேயே நீலம் படிந்திருப்பதால் மை இன்னும் இருண்டு தெரியும். 1859இல் வந்த 4 பென்ஸை ‘டல் ரோஸ்’, அதாவது மங்கலான ரோசா என்பார்கள். பல்வெட்டு, அதாவது கிழித்தெடுக்க ஓரத்தில் போடும் துளைவரிசை, இல்லாத அந்த முத்திரை இலங்கை முத்திரைகளில் மிக அரியது. மங்கல் என்பது அந்த மையின் இயல்பு. வெயிலில் வெளிறிய வேறொரு ரோசாவை வைத்துக்கொண்டு ‘டல் ரோஸ்’ என்று விலை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்வெட்டு உள்ள பிந்திய முத்திரையின் ஓரத்தைச் சீவிவிட்டு விற்கவும் வாய்ப்பு உண்டு. நான்கு பக்கமும் நல்ல ஓரம் இல்லாத எதற்கும் பெரிய காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம், கைபேசிப் படத்தை அனுப்பி “இது எந்த நிறம்?” என்று கேட்காதீர்கள். கமரா ஒரு நிறம் காட்டும், திரை இன்னொரு நிறம் காட்டும். டியூப் வெளிச்சத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பச்சைகள் பகல் வெளிச்சத்தில் பிரிந்துவிடும். வடக்குப் பக்க யன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லி ஐரோப்பியப் புத்தகங்களில் இருக்கும். அங்கே வடக்கு யன்னலில் வெயில் விழாது. கொழும்பு 7 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் இருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். ஆகவே திசையைப் பார்க்காமல், காலை ஒன்பது பத்து மணிக்கு வெயில் நேரே படாத விறாந்தையில், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்திலும் இருக்கும் துளையை முத்திரையின் மை அடர்ந்த இடத்தில் வையுங்கள். தபாலகத்தில் குத்திய கறுப்பு மை பக்கத்தில் இருந்தால் நிறம் ஏமாற்றும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் அம்மா, கணவர் சேர்த்த விக்டோரியா காலத்து முத்திரைகளைக் கொண்டுவந்தார். “தம்பி, கடிதத் துண்டோட ஊத்தையா இருந்தது. வெந்நீரில ஊறப்போட்டுக் கழுவித்தான் கொண்டு வந்தனான்” என்றார். பச்சைகள் எல்லாம் வெளிறிய மஞ்சளாகி இருந்தன. ஊதாக்கள் சாம்பல்.

அவர்மேல் குற்றம் இல்லை. அந்த மை கழன்றுபோக வேண்டும் என்றே செய்தது. 1880களில் பிரித்தானியாவில் ஒரே முத்திரையை அஞ்சலுக்கும் வரிக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வரிப் பத்திரங்களில் பேனாவால் கீறித்தான் முத்திரையைச் செல்லாததாக்குவார்கள். அந்தப் பேனா மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டுவதைத் தடுக்க, கழுவினால் முத்திரையே கரையும் மையை, குடியேற்ற நாடுகளுக்கும் முத்திரை அச்சிட்ட டி லா ரூ நிறுவனம் பயன்படுத்தியது. அந்த மை பச்சையிலும் ஊதாவிலும்தான் கிடைத்தது. அதனால்தான் அந்தக் காலத்துக் குடியேற்ற நாட்டு முத்திரைகளில் இவ்வளவு பச்சையும் மங்கல் ஊதாவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சுண்ணாம்பு பூசிய தாள் முத்திரைகளும் இப்படித்தான். நீர் பட்டால் பூச்சோடு படமும் போய்விடும்.

செம்மஞ்சள் முத்திரைகளுக்கு வேறு நோய். ஈயம் கலந்த மையில் ஐதரசன் சல்பைட்டு பட்டால் கபிலமாகும், கறுப்பாகவும் ஆகும். சாக்கடை நாற்றத்தில் இருக்கும் அதே வாயுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிக் கறுத்த முத்திரையை ‘நிறப் பிழை’ என்று நம்பி ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினார். ஐதரசன் பெரொட்சைட்டு கொஞ்சம் பட்டால் பழைய நிறம் திரும்பலாம். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உண்மையான நிறப் பிழை வேறு. சுவீடனில் 1855இல் பச்சையில் வந்திருக்க வேண்டிய 3 ஸ்கில்லிங் மஞ்சளில் அச்சாகி, ஒன்றே ஒன்றுதான் இன்று தெரிகிறது. அப்படி ஒன்று கிடைத்ததாக யாராவது சொன்னால், நிபுணர் குழுவின் சான்றிதழைக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மாவின் பையின் அடியில் ஒரு கடித உறை மடிந்து கிடந்தது. நீர் படாதது. மங்கல் ஊதா முத்திரை ஒன்று, ஒட்டிய நாளில் இருந்தபடி. அதைப் பிரிக்காமல், உறையோடு அமிலமில்லாத தாளில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.