ஜூலி ஏன் சொறிகிறாள்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் நாய் ஜூலிக்கு மூன்று வயது. ராத்திரி பகல் பார்க்காமல் சொறிகிறாள். ஊசி போட்டால் இரண்டு வாரம் அடங்குகிறது, பிறகு பழையபடிதான். சிக்கனை நிறுத்திப் பத்து நாள் பார்த்தோம், பலனில்லை. எதனால் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?”

உண்டு. ஆனால் பத்து நாளில் கண்டுபிடிக்க முடியாது. காரணம் ஜூலியின் தோலுக்குள் இருக்கிறது.

நாய்க்கு ஒவ்வாமை வந்தால் சந்தேகப்பட வேண்டியவை முக்கியமாக மூன்று: தெள்ளுப்பூச்சியின் எச்சில், உணவிலுள்ள புரதம், வீட்டுத் தூசியிலும் காற்றிலும் இருப்பவை (தூசு உண்ணி, மகரந்தம், பூஞ்சை). மூன்றுமே உடம்பைப் பொறுத்தவரை அந்நியப் புரதங்கள். உடம்பு இவற்றைத் தவறாக எதிரி என்று பதிந்துகொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. இதுவரை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

ஐஜிஇ பார்க்க உண்டிவில் கவட்டை மாதிரி இருக்கும். தோலில் ‘மாஸ்ட்’ என்ற செல்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அடைத்த சின்னச் சின்னப் பைகள், எப்போது வேண்டுமானாலும் கொட்டத் தயாராக இருக்கின்றன. கவட்டையின் கைப்பிடி இந்தச் செல்லின் மேல் செருகிக்கொள்ளும். இரண்டு கைகளும் வெளியே நீட்டியபடி காத்திருக்கும். ஒரு புரதம் வந்து ஒரேயொரு ஐஜிஇயில் ஒட்டினால் ஒன்றும் நடக்காது. அதே புரதம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஐஜிஇயையும் பிடித்து, இரண்டையும் இழுத்துச் சேர்க்க வேண்டும். வங்கி லாக்கருக்கு மேலாளர் சாவியும் வேண்டும், நம் சாவியும் வேண்டும் இல்லையா, அப்படி. இரண்டும் சேர்ந்த நிமிடங்களில் பைகள் வெடித்து ஹிஸ்டமின் கொட்டுகிறது. தோல் சிவக்கிறது, தடிக்கிறது.

இந்த இரட்டைப் பூட்டை வைத்தே ஒரு வைத்தியம் இருக்கிறது. புரதத்தை முன்கூட்டியே பொடிப்பொடியாக நறுக்கிவிட்டால், எந்தத் துண்டுக்கும் இரண்டு ஐஜிஇயை எட்டிப் பிடிக்கும் நீளம் இருக்காது. சத்து அப்படியே கிடைக்கும், பூட்டு திறக்காது. கால்நடை மருத்துவர்கள் எழுதித் தரும் ‘ஹைட்ரோலைஸ்டு’ உணவின் சூட்சுமம் இவ்வளவுதான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதன் அழகு அலுக்கவில்லை.

செல்லில் செருகிய ஐஜிஇ சீக்கிரம் கழன்றுவிடாது. 1921-ல் ப்ராஸ்னிட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், மீன் ஒவ்வாமை இருந்த தன் சகா க்யூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை (சீரம்) தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஊசியால் செலுத்தியதும், மீன் ஒத்துக்கொள்ளும் அவருடைய தோல் தடித்தது. சீரத்தில் வந்த ஏதோ ஒன்று அங்கேயே ஒட்டிக்கொண்டு காத்திருந்தது. அது ஐஜிஇ என்று தெரிய 1960-கள் வரை ஆனது. அது தோலில் வாரக்கணக்கில் தங்கும். நாயின் உணவு ஒவ்வாமையில் ஐஜிஇயோடு வேறு செல்களும் கைகோக்கின்றன. சொறிந்து புண்ணான தோலில் பாக்டீரியாவும் ஈஸ்டும் குடியேறுகின்றன. இத்தனையும் அடங்கப் பத்து நாள் எப்படிப் போதும்?

நமக்குச் சளிக்குத் தரும் செட்ரிசினை நாய்க்குக் கொடுத்துப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். அது ஹிஸ்டமினைத் தடுத்தாலும், நாயின் அரிப்பு நரம்பைத் தூண்டுவதில் இன்டர்லூகின்-31 என்ற வேறொரு பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் தெள்ளுப்பூச்சி. ஜூலியை ஒரு வெள்ளைத் தாளின் மேல் நிற்க வைத்து, வாலடியிலும் முதுகின் பின்பாதியிலும் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகள் விழுந்தால் அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பொறுங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது ஜூலியின் ரத்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடி போதும். பூச்சி கண்ணில் படவே வேண்டாம். முட்டையும் புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும்தான் இருக்கும், அதனால் நாய்க்கு மருந்து போடும்போதே வீட்டையும் சுத்தம் செய்யுங்கள்.

பாதம், காது, அக்குள், வயிறு ஆகிய இடங்களில் அரித்தால் தூசியையோ உணவையோ சந்தேகப்படலாம். வெள்ளை நாயின் பாதம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தால், அது நக்கி நக்கி எச்சில் ஏறிய கறை. காதோரம் முழுக்க மொரமொரவென்று இருந்து, வீட்டில் உங்களுக்கும் அரித்தால் அது ஒவ்வாமை ஆகாது, சொறி உண்ணியாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கழிவு ஆயிலை மட்டும் தயவுசெய்து தடவாதீர்கள். நாய் அதை நக்கி விழுங்கும், அது விஷம். திருஷ்டிக் கயிறு கட்டிவிட்டுக் காத்திருப்பதும் ஜூலியின் வேதனையைத்தான் நீட்டுகிறது.

முடியையும் எச்சிலையும் தபாலில் வாங்கி ஒவ்வாமைப் பட்டியல் தரும் சோதனைகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஆய்வாளர்கள் பொம்மையின் செயற்கை முடியையும் உப்பு நீரையும் அனுப்பிப் பார்த்தார்கள். அவற்றுக்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்தது.

உணவுக்கு நம்பகமான சோதனை, விலக்கிப் பார்ப்பது ஒன்றுதான். ஜூலி இதுவரை தின்றே இராத ஓர் இறைச்சி (முயல், வாத்து, எது கிடைக்கிறதோ), கூடவே உருளைக்கிழங்கு. அல்லது மேலே சொன்ன நறுக்கிய புரத உணவு. எட்டு வாரம் வேறு எதுவும் கூடாது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் இதற்குள் தெளிந்துவிடும். பாட்டி ஊட்டும் ஒரு உருண்டை தயிர்சாதம், பக்கத்து வீட்டு பிஸ்கட், இறைச்சி மணம் சேர்த்த பூச்சி மாத்திரை, எதுவானாலும் கணக்கைக் கெடுத்துவிடும். எங்கள் வீட்டில் ஆறாவது வாரத்தில் ஒரு துண்டு ரொட்டியால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களை வைத்து 2016-ல் வந்த தொகுப்பில், மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாத நாய்கள் 34 சதவீதம், பால் பொருட்கள் ஒத்துக்கொள்ளாதவை 17, கோழி 15, கோதுமை 13 என்று வருகிறது. அவையெல்லாம் மேலைநாட்டு நாய்கள். தயிர்சாதத்தில் வளரும் நம் நாய்க்கு எது எவ்வளவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நம் மண்ணிலேயே கணக்கெடுக்க வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903 முதல் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, மருத்துவர்களுக்குக் குறைவில்லை. செல்லப்பிராணியின் அரிப்புதானே என்று தள்ளாமல் இதற்கு ஆராய்ச்சி நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எட்டு வாரத்தில் அரிப்பு அடங்கிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. வானிலை மாறியதால்கூட அடங்கியிருக்கலாம். இப்போது பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுங்கள்: முதலில் தயிர் மட்டும், இரண்டு வாரம். ஒன்றும் இல்லையென்றால் அடுத்து சிக்கன், பிறகு முட்டை, பிறகு கோதுமை. தேதி போட்டு காலண்டரில் குறித்துவையுங்கள். எதைக் கொடுத்த பிறகு ஜூலி மறுபடி பாதத்தைக் கடிக்கிறாளோ, அதை நிறுத்தினால் மீண்டும் அடங்குகிறதா என்றும் பாருங்கள்.