கடற்படை வீரதீர விருதுக்கான மாதப்படி யாருக்கு உரியது?

1971 டிசம்பரில், வங்கதேச விடுதலைப் போரின்போது, மோங்லாவையும் குல்னாவையும் தாக்கச் சென்ற இந்தியக் கடற்படைக் குழுவின் படகொன்று குல்னா அருகே வான்தாக்குதலில் மூழ்கியது. படுகாயத்தோடு நீரில் வீசப்பட்ட லீடிங் சீமேன் என்னும் மாலுமிப் பதவியிலிருந்த சிமன் சிங், கரையிலிருந்து குண்டுகள் சீறிக்கொண்டிருந்தபோதே, தத்தளித்த இருவரைக் கரைசேர்த்தார். அவர்கள் தப்புவதற்காக எதிரிகளை நோக்கித் தாமே பாய்ந்து, கடைசியில் சிறைப்பட்டார். அதிகாரி நிலையில் இல்லாத அந்த மாலுமிக்கு, போர்க்கால வீரத்துக்கான உச்ச விருதாகிய பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த நிலையிலுள்ள மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

இத்தகைய விருதுகளுக்கு மத்திய அரசு தரும் மாதப்படி, 2017 ஆகஸ்ட் 1 முதல் இரு மடங்காக உயர்த்தப்பட்டது. அதன்படி பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாயும், மகாவீர் சக்ராவுக்கு 10,000 ரூபாயும், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாயும், வீரத்துக்கான நவ்சேனா (கடற்படை) பதக்கத்துக்கு 2,000 ரூபாயும் கிடைக்கும். பெற்றவர் மாலுமியா, அதிகாரியா என்று பார்த்துத் தொகை மாறுவதில்லை, அதுவே முறை.

நவ்சேனா பதக்கம் பெற்ற குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960இல் நிறுவப்பட்ட இந்தப் பதக்கம் வீரத்துக்காகவும் வழங்கப்படுகிறது, கடமையில் காட்டிய தனித்த ஈடுபாட்டுக்காகவும் வழங்கப்படுகிறது. ஆனால் மாதப்படி முதல் வகைக்கு மட்டுமே உண்டு. கருநீல நாடாவின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும் பதக்கத்தைக் கையில் வைத்துப் பார்த்து வகையைச் சொல்லிவிட முடியாது என்பதால், விருதை அறிவித்த அரசிதழின் நகலைப் பதக்கத்தைப் போலவே பத்திரப்படுத்துவது நல்லது.

விருதாளர் மறைந்தபின் மாதப்படி அவருடைய மனைவிக்குச் செல்லும். மணமாகாத வீரருக்கு மறைவுக்குப் பின் விருது வழங்கப்பட்டால் தந்தைக்கோ தாய்க்கோ சேரும். மறுமணம் செய்துகொண்ட கைம்பெண் இறந்த கணவரின் சகோதரரை மணந்திருந்தால்தான் படி தொடரும் என்று ஒரு நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தேர்வை அவளுக்குரிய பணத்தோடு கட்டிப்போட்ட அந்த அநியாயத்தைப் பாதுகாப்பு அமைச்சகம் 2017 நவம்பரில் நீக்கியது. அதனால் முன்பு படி மறுக்கப்பட்டவர்கள், தமிழ்நாட்டில் இருந்தால், தங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை மறுபடி அணுகிக் கேட்கத் தயங்க வேண்டாம்.