ஹைலேண்ட் விளையாட்டுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆகஸ்டில் ஸ்காட்லாந்து போகும் நம்மவர்களில் பலர் எடின்பரோவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1947-ல் தொடங்கிய ஃபிரிஞ்ச் கலைவிழாவும், 1950 முதல் கோட்டை முன்றிலில் நடக்கும் ‘டாட்டூ’ எனும் ராணுவ இசை அணிவகுப்பும் பார்க்க வேண்டியவையே. ஆனால் ஊர்மக்கள் தாங்களே நடத்தி, தாங்களே போட்டியிடும் விழாவைப் பார்க்க வேண்டுமானால், எறிதல் போட்டிகளும் நடனமும் சேர்ந்த ஸ்காட்லாந்தின் பாரம்பரிய விழாவான ஹைலேண்ட் விளையாட்டுகளுக்குத்தான் போக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை வாராவாரம் ஏதாவது ஓர் ஊரில் நடக்கும்.

அங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்வது கேபர் எறிதலை. ஏறத்தாழ 6 மீட்டர் நீளம், 60 முதல் 80 கிலோ எடையுள்ள மரத்தண்டு அது. எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதற்கு மதிப்பெண்ணே இல்லை. வீரர் மெல்லிய முனையைக் கைகளில் ஏந்தி, தடித்த முனை மேலே இருக்க ஓடிவந்து, தூக்கி விடுகிறார். தடித்த முனை தரையில் மோத, மெல்லிய முனை அதைத் தாண்டிக் கவிழ்ந்து, ஓடிவந்த திசையிலேயே நேராக விழ வேண்டும். வீரர் நிற்குமிடம் கடிகாரத்தில் 6 மணி என்றால், மெல்லிய முனை 12 மணியைக் காட்டுவதே முழு வெற்றி. கோணம் பார்க்க நடுவர் வீரருக்குப் பின்னாலேயே ஓடுவதும் இதற்காகத்தான். நீங்களும் ஓட்டப்பாதைக்குப் பின்புறம், கயிற்றுக்கு வெளியே இடம் பிடியுங்கள். பக்கவாட்டில் நின்றால் கோணம் தெரியாது. படம் எடுக்கும் ஆசையில் கயிற்றைத் தாண்டவே கூடாது. மற்ற எறிதல் போட்டிகளில் வீசும் சங்கிலிக் குண்டும் சம்மட்டியும் சில நேரம் கைநழுவிப் பறக்கும்.

மேடையில் நடக்கும் வாள் நடனத்தில் கால்களைக் கவனியுங்கள். குறுக்காக வைத்த இரு வாள்களின் மேல் மெதுவாகத் தொடங்கி, ஒரு கைதட்டலோடு வேகம் கூடும். வாளில் கால் பட்டால் மதிப்பெண் குறையும். வாள் நகர்ந்தால் போட்டியிலிருந்தே நீக்கம். சின்னஞ்சிறு பிள்ளைகள் ஆடும்போது ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

மிட்ஜ் எனும் கடிபூச்சி பற்றி எந்தச் சுற்றுலாப் படமும் சொல்வதில்லை. கொசுவைவிட மிகச் சிறியது, கூட்டமாக வரும். காற்றில்லாத, ஈரமான காலையும் மாலையும் அதற்கு உகந்த நேரம். மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதனால் பறக்க இயலாது. ஆகவே திறந்த, காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். முழுக்கை, வெளிர்நிற உடை, பிக்காரிடின் எனும் பூச்சிவிரட்டி கலந்த பூச்சு மூன்றும் வேண்டும். உயரமான புல்லில் உண்ணிகள் இருக்கும். லைம் எனும் பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியவை என்பதால் இரவில் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுத் திடல் பெரும்பாலும் புல்வெளிதான். மழை பெய்தால் சேறாகிவிடும், செருப்பு தாங்காது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை இந்த விளையாட்டுகள் நடக்கும், பெரும்பாலும் அரச குடும்பத்தினரும் வரும் பிரேமார் ஊரில் ரயில் நிலையமே கிடையாது. அபர்டீனிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். ஊருக்குள் தங்குமிடமும் குறைவு. ஆகவே திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்த பிறகே நுழைவுச்சீட்டு வாங்குங்கள். ஆகஸ்ட் கடைசியில் டுனூன் ஊரில் நடக்கும் கவல் ஹைலேண்ட் விளையாட்டு விழா, முதல்முறை போகிறவர்களுக்கு எளிது: கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து கூராக்குக்கு ரயில், அங்கிருந்து படகு.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஸ்காட்லாந்துக்குச் செல்லாது. பிரிட்டன் வருகையாளர் விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம், கோடையில் கூடவும் ஆகலாம். அதனால் விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டுமே பதிவு செய்யுங்கள்.